லம்பா லைனில் ஒரு பிடி அரிசி

போர்ட் பிளேர் நகரத்தில் ஜனங்கள் குடியிருக்கும் இடங்களில் பலவற்றுக்குத் தெரு என்றோ வீதி என்றோ பெயர் இல்லை. லைன் என்றுதான் பெயர். ஸ்கூல் லைன், தூத் லைன், சப்ளை லைன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால், விமான நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் எங்கள் லம்பா லைனில் வந்து நிற்கலாம். கைதியையும் காவலனையும் கூலியையும் வரிசையாகக் குடிவைத்து, காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் தலையை எண்ணிப் பார்த்துக்கொள்வதற்கு வாகாக வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுந்த நீளக் கொட்டகைகளுக்கு வழங்கிய சொல் இது. இதே சொல்தான் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கைத் தேயிலை மலைகளில், நம்மவர் வாயில் புகுந்து லயன் என்றும் லயம் என்றும் திரிந்து, பத்தடி அறையில் ஒரு குடும்பம் என்ற ஏற்பாட்டுக்கே பெயராகி நிலைத்துவிட்டது. தமிழனுடைய பிரயாண சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் கப்பலைப் பற்றியும் கொடியைப் பற்றியும் எழுதுவதற்கு முன்னால் இந்த லைன் என்ற சொல்லுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவது நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

லம்பா என்பது இந்தி. நீளம் என்று பொருள். லம்ப என்ற சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து பிறந்தது. தொங்குகிற வயிற்றை உடையவன் ஆகையால் பிள்ளையாருக்கு லம்போதரன் என்று திருநாமம் வாய்த்ததும் அதே சொல்லினால்தான். இந்த வியுத்பத்தி எல்லாம் எழுத்து வாசனையே அறியாத என் அப்பத்தாவுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் அவள் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது லம்பாவுக்கும் லைனுக்கும் நடுவே இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் சொல்லி, “பிள்ளையார் பேரு கொண்ட ஊருப்பா இது” என்று முடிப்பாள். கோயில் பிரசங்கம் எதிலோ லம்போதரன் என்ற பெயர் காதில் விழுந்திருக்க வேண்டும். பண்டிதர்கள் அகராதியைப் புரட்டி அடைகிற இடத்துக்குப் பக்தி சில சமயம் குறுக்குப் பாதையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அரசாங்க ஏடுகளில் இந்த நகரத்தின் கதை 1858-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் தேதி, டாக்டர் வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளோடு கரையிறங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறது. லம்பா லைனின் கதையோ ஜப்பானியரால் மாறியது. 1942 மார்ச்சு 23-ஆம் தேதி தீவுகளைப் பிடித்த அவர்கள், ஊர்வாசிகளைக் கட்டாய வேலைக்கு இழுத்து, மண் சுமக்க வைத்து, விமானங்கள் இறங்குவதற்கு இங்கே ஓடுதளம் போட்டார்கள். 1943 டிசம்பர் 29-ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் விமானத்தில் வந்திறங்கி, மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் கொடியேற்றி, அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் நாமகரணம் செய்துவிட்டுப் போனார். அவர் போன மறு மாதம், 30-ஆம் தேதி, ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை ஒற்றர்கள் என்று பழி சுமத்தி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். போஸ் அமைத்த ஆஸாத் ஹிந்து அரசாங்கத்தின் பிரதிநிதியாக இந்தத் தீவுகளுக்குத் தலைமைப் பதவியேற்று வந்தவர் ஏ. டி. லோகநாதன் என்னும் தமிழர், தொழிலால் மருத்துவர். பட்டம் பெரிதாயிருந்தும், போலீசு இலாகாவை ஜப்பானியர் கடைசி வரையில் அவரிடம் ஒப்படைக்கவில்லை; அவருடைய கைக்கு உண்மையில் வந்தது கல்வி இலாகா ஒன்றுதான். தேக அசௌக்கியத்தோடு அவர் அந்த வருஷமே திரும்பிவிட்டார். 1945 அக்டோபரில் ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோது கைதிக் குடியேற்றம் என்ற ஏற்பாடே ஒழிந்தது. ஓடுதளம் மட்டும் ஒழியவில்லை.

இவ்வளவும் புஸ்தகங்களில் இருக்கிறது. அந்த ஓடுதளத்தின் ஓரத்தில் தகரக் கூரையும் பலகைச் சுவருமாக நின்ற குடித்தனங்கள் எப்போது ஓர் ஊராயின என்பதற்குத்தான் கல்வெட்டும் இல்லை, கோப்பும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே சாசனம், எங்கள் வீட்டு அடுப்படியில் கதவுக்குப் பின்னால், பலகையின் மேல் அப்பத்தா இழுத்து வைத்திருந்த கரிக்கோடுகள்.

அப்பத்தாவுக்கு ஊர் ராமநாதபுரம் சீமையில், முதுகுளத்தூர்ப் பக்கம். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கருவேலங்காட்டில் விறகு என்று காலம் தள்ளுகிற பூமி. அங்கிருந்து 1961-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மூன்று குழந்தைகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும், முன்னமே இங்கே வந்து மராமத்து இலாகாவில் சாலைக்குக் கல்லுடைக்கும் தினக்கூலி மஸ்தூராக இருந்த புருஷனிடம் அவள் வந்து சேர்ந்தாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1,190 கிலோமீட்டர் கடல். தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு. மூன்று நாள் கீழ்த்தட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்துக் கிடந்ததாகச் சொல்வாள். அதற்கு முந்திய காலத்தில் இந்தக் கடலில் மகாராஜா என்ற பெயரோடு கப்பல் ஓடியது. பெயர் மகாராஜாவே ஒழிய, 1911-இல் அது சாவர்க்கர் முதலிய தண்டனைக் கைதிகளை ஏற்றி வந்தது. அதே பெயர் தாங்கிய கப்பல் 1949-இல் கிழக்கு வங்காளத்து அகதிகளை ஏற்றி வந்தது. தீவாந்தரம் என்று சொன்னாலே குலை நடுங்கிய தலைமுறை அவளுடையது. புருஷன் எந்தக் குற்றமும் செய்யாமலேயே அந்தமானுக்குப் போயிருக்கிறான் என்பதை ஊரில் நம்ப வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1978-இல் அந்தமான் காதலி படம் வந்து, சிவாஜி கணேசன் இந்தக் கடற்கரையில் நடமாடுவதைப் பரமக்குடிக் கொட்டகையில் பார்த்த பிறகுதான் தன் தங்கை தன் பேச்சை முழுமையாக நம்பினாள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தத் தீவுகள் அனைத்திலுமாக 30,971 பேர். பத்து வருஷத்தில் அது 63,548 ஆயிற்று. 1961 கணக்கு எடுத்து முடித்த சில மாதத்திற்குள் வந்து இறங்கினதால் அந்தத் தொகையில் அப்பத்தா இல்லை.

வந்த நாளில் அவளுக்குக் கிடைத்த வரவேற்பை அவள் மறந்ததே கிடையாது. ஹாடோ துறையில் இறங்கி, நனைந்த சேலையோடு, அழுகிற பிள்ளைகளோடு லம்பா லைனுக்கு நடந்து வந்தபோது அரிசிக் கப்பல் தாமதமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. இந்தத் தீவுகளில் அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு முதற்கொண்டு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். கடல் கோபித்துக்கொண்டால் கடையில் பண்டம் இராது. தாத்தாவின் வீட்டில் அன்று அரிசி இல்லை. அடுத்த வீட்டில் ராஞ்சிக்காரக் கிழவி ஒருத்தி, இருந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டு, பிள்ளைகள் மூவருக்கும் கொடுத்தாள். சோட்டா நாகபுரியிலிருந்து காடு வெட்டுவதற்கு வந்த ஜனங்களை இங்கே எல்லாரும் ராஞ்சி என்றே சொல்லுவார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அப்பத்தாவுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. மறுநாள் காலையில், தாத்தா கடன் வாங்கி வந்த அரிசியைக் களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அவள் தனியே வைத்தாள்.

பிடியரிசி நம் நாட்டுக்குப் புதிதல்ல. காஞ்சிப் பெரியவர் அதை ஒரு திட்டமாக வகுத்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்வதற்கு முன்பே, கோயில் காரியத்துக்கும் மடத்துக்கும் கிராமத்துப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி ஒதுக்கி வைத்துத்தான் வந்தார்கள். கணவனிடம் கேட்க வேண்டியதில்லை, மாமியாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை; ஒரு பெண்ணுக்குத் தன் இஷ்டப்படி தர்மம் செய்வதற்கு அந்த நாளில் இருந்த சுதந்தரமான மூலதனம் அநேகமாக அது ஒன்றுதான். முதுகுளத்தூரில் சம்பிரதாயமாக இருந்தது லம்பா லைனில் ஒரு ஸ்தாபனமாக வளர்ந்தது.

அதற்கு ஒரு பெட்டி இருந்தது. சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிற மர அறுவை ஆலையில் கழிவாகக் கிடைத்த படாக்குப் பலகைகளைக் கொண்டு தாத்தா தட்டிக் கொடுத்தது; முழ நீளம், சாண் அகலம், மூடிக்குத் தோல் கீல். படாக்கு இரத்தம் போல் சிவந்த மரம். நாளாக ஆகக் கறுத்து, அப்பத்தாவின் கை பட்ட மூடி விளிம்பு மட்டும் பளிங்கு போல் மின்னிக்கொண்டிருக்கும். நம் நாட்டு வேங்கையும் இந்தப் படாக்கும் ஒரே இனத்தைச் சேர்ந்த மரங்கள் என்பதை மிகப் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். வள்ளியின் தினைப்புனத்தில் வேடர்கள் வந்தபோது முருகப்பெருமான் வேங்கை மரமாகி நின்ற கதையை எனக்குச் சொன்னவளே அவள்; தன் அரிசிப் பெட்டி அந்த மரத்துக்கு உடன்பிறப்பு என்று தெரிந்திருந்தால் அதற்குத் தினமும் விபூதி பூசியிருப்பாள்.

நாளுக்கு ஒரு பிடி. வீட்டில் விசேஷமென்றால் இரண்டு. அரிசி கிடைக்காத நாளில் கோதுமை மாவு ஒரு பிடி, அதுவும் இல்லாத நாளில் ஓர் உருளைக்கிழங்கு. அமாவாசைக்கு அமாவாசை படியால் அளப்பாள். கொடுத்த ஒவ்வொரு படிக்கும் கதவுக்குப் பின்னால் ஒரு கரிக்கோடு. நான்கு கோட்டின் மேல் ஐந்தாவது குறுக்கே. யாருக்குக் கொடுத்தாள் என்பதற்கு அடையாளம் கிடையாது. “கொடுத்தவளுக்குக் கணக்கு வேணும், வாங்கினவனுக்குப் பேரு வேணாம்” என்பாள். சிறு வயதில் எனக்கு இது விளங்கவில்லை. பின்னாளில் நன்கொடையாளர் பெயர்ப் பலகையில் இடம் போதாமல் தகராறு நடப்பதைப் பார்த்தபோது விளங்கியது.

பெட்டியின் அரிசி முதலாவதாகக் கப்பல் வந்த நாளுக்கு. “ஜஹாஸ் வந்துருச்சா?” என்பதுதான் அவள் காலையில் எழுந்ததும் கேட்கும் கேள்வி. கல்கத்தாவிலிருந்து ரங்கூன் வழியாக வரும் விமானம் எங்கள் கூரையை உரசுவது போல் இறங்கும், தகரம் அதிரும், அப்பத்தா தலை தூக்கிப் பார்க்க மாட்டாள். விமானத்தில் வருகிறவன் பசியோடு வர மாட்டான் என்பது அவள் தீர்மானம். கப்பல் வந்தால் அன்று பெரிய பானை ஏறும். மேஸ்திரி அழைத்து வந்த புது ஆட்கள், கூலிக்குப் போக இடம் தெரியாதவர்கள், சொந்தக்காரன் விலாசம் தொலைந்தவர்கள் யாராவது நாலு பேர் வந்தே தீருவார்கள். கஞ்சி, கருவாட்டுத் துவையல், சைவமென்றால் ஊறுகாய். சாப்பிட்டு எழுந்தவனிடம் எந்த ஊர் என்று கேட்பாள். சாப்பிடுவதற்கு முன்னால் கேட்க மாட்டாள். ஊரைக் கேட்டால் தொடர்ந்து வேறொன்றும் கேட்கத் தோன்றும், அதைத் தெரிந்துகொண்டால் சோறு கொடுக்கிற கை யோசிக்க ஆரம்பித்துவிடும் என்று ஒரு முறை என் தாயாரிடம் சொன்னாள். ராமநாதபுரம் சீமையை அறிந்தவர்களுக்கு அந்த ‘வேறொன்று’ எது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பிள்ளை பெற்ற வீட்டுக்கு. மூன்றாவது, அடுப்பு எரியாத துக்க வீட்டுக்கு. மிஞ்சினால் பங்குனி உத்திரத்துக்கு. பால்குடமும் காவடியுமாக வெற்றிமலை முருகன் கோயிலை நோக்கி ஊர் முழுவதும் திரளுகிற அந்த நாளில் வேடிக்கை பார்ப்பதற்கு வருகிற வங்காளிகளும் தெலுங்கர்களும் பாதி வழியில் தாங்களும் அரோகரா சொல்லிக்கொண்டு நடப்பார்கள். அப்பத்தா முப்பது வருஷத்துக்கு மேல் பால்குடம் எடுத்தாள். பங்குனி என்றால் இங்கே வேறொரு சங்கடமும் உண்டு. வருஷத்தில் இரண்டு பருவமழையும் கொட்டி, 3,000 மில்லிமீட்டர் பெய்கிற இந்தத் தீவில் மாசி, பங்குனியில் குடிக்கத் தண்ணீர் இராது. தனிக்காரி அணை 1973-இல் கட்டி முடிகிற வரையில் நாலா என்னும் ஓடையின் ஊற்றில் சிரட்டையால் மொண்டு குடம் நிறைப்பதுதான் வழக்கம். உத்திரத்துக்கு முதல் நாள் இரவு தன் வீட்டுக்கு ஒரு குடம், பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்து, ஊற்றடியில் லாந்தரோடு உட்கார்ந்து முறை தவறாமல் பார்த்துக்கொண்டவள் அவளே. இந்தியும் வங்காளமும் தமிழும் கலந்து அவள் அங்கே பேசிய பாஷையில் வினை முற்றுகள் மட்டும் ராமநாதபுரத்தவை. “ஏ மாசி, தும் பாதுல மொண்டுக்க, பச்சா அழுகுதுல்ல” என்றால் வங்காளத்து மாசி விலகிக்கொள்வாள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. விடியற்காலையில் பூமி ஆடி அடங்கிய பிறகு கடல் பொங்கியது. அதற்கப்புறம் பல நாட்கள், அப்பத்தா தலை தூக்கிப் பார்க்காத அந்த ஓடுதளத்தில், விமானப்படை விமானங்கள் நிக்கோபார் தீவுகளிலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கியபடி இருந்தன, துறைமுகத்தில் கப்பல்கள். பள்ளிக்கூடங்களும் கோயில், சர்ச்சு, மசூதி, குருத்வாராவும் முகாம்களாயின. விமானத்தில் வருகிறவனும் பசியோடு வரக்கூடும் என்பதை அப்பத்தா தன் 76-ஆவது வயதில் கண்டாள். பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்து முன்னால் நடக்கச் சொன்னாள். பின்னால் எங்கள் லைனில் பதினோரு வீட்டிலிருந்து பதினோரு பானை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பானை ஒதுக்குப்புறத்தில் இருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

முகாமில் கச்சால் தீவிலிருந்து வந்த ஒரு தமிழம்மாளுக்கு அவள் கஞ்சி வார்த்தாள். கடலின் கொடுமை மிக அதிகமாகத் தாக்கிய தீவுகளில் கச்சால் ஒன்று. சாப்பிட்டு முடித்த பிறகு, வழக்கம்போல், “எந்த ஊருத்தா?” என்று கேட்டாள். கச்சால் ரப்பர்த் தோட்டம் என்று பதில் வந்தது. “அதுக்கு முந்தி?” பதுளை. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி மலைநாட்டுத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தருவதென்றும் எண்ணிக்கை போட்டுப் பிரித்தபோது, அந்த எண்ணிக்கையில் இந்தியப் பக்கம் விழுந்து, கச்சாலின் காட்டில் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவளுடையது. “அதுக்கும் முந்தி?” அது தெரியாது, பாட்டனார் காலத்தில் ராமநாதபுரத்துப் பக்கம் என்று சொல்வார்கள். அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பதுளையிலே லயன்ல இருந்தே, கச்சால்ல லைன்ல இருந்தே, இங்கிட்டும் லைன்தான். வா” என்றாள். அந்த அம்மாள் எங்கள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தாள்.

பிற்பாடு நடந்தவற்றை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில், 710 கோடி ரூபாய் செலவில், சிப்பி வடிவத்தில் புதிய விமான நிலையக் கட்டடம் திறந்தார்கள். மறு வருஷம் நகரத்தின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிற்று. ராஜேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று நிக்கோபார் இடம்பெற்றிருப்பதும், அந்தச் சோழன் படையெடுத்துப் போனதே ஸ்ரீ விஜய ராஜ்யத்தின் மேல் என்பதும் தெரிந்தவர்கள் இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பற்றி இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். லம்பா லைனுக்கு மட்டும் யாரும் பெயர் மாற்றவில்லை.

அப்பத்தா 2011-ஆம் ஆண்டு பங்குனியில் காலமானாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடம், தாய்பாஷை என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினாரா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அந்தக் கணக்கின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்குப் 15 பேருக்குத் தமிழ் தாய்பாஷை.

உடலைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசிக்கு அரிசி வேண்டும் என்று பெரியத்தை கேட்டபோது, என் தாயார் கடைக்கு ஆளனுப்பவில்லை. அடுப்படிக்குள் போய்ப் படாக்குப் பெட்டியை எடுத்து வந்து தலைமாட்டில் வைத்து மூடியைத் திறந்தாள். அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. முக்கால் பெட்டி அரிசி. உறவுமுறைப்படி நாங்கள் இட்ட பிறகு லைனில் உள்ளவர்கள் வரிசையாக வந்தார்கள். ராஞ்சிக்காரக் கிழவியின் பேத்தி வந்தாள். கச்சாலிலிருந்து கப்பலேறி வர முடியாத அந்த அம்மாளுக்காக அவள் மகன் வந்தான். வங்காளத்து மாசி பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு, எத்தனை தரம் இட வேண்டும் என்று இந்தியில் மெதுவாகக் கேட்டாள். பெரியத்தை அழுதுகொண்டே மூன்று விரலைக் காட்டினாள்.